விசுவாசமும் கற்பனையும்: உள்ளக் காயங்கள் ஆறும் ஒரு வழி



நம் பாட்டன் பாட்டிமார் ஞானோபதேசம் படித்த காலத்தில் "பத்துக் கற்பனைகள்" என்றால் சீனாய் மலையில் இறைவன் கொடுத்த பத்துக் கட்டளைகளையே குறிக்கும். முதியோர் சிலர் வாயில் அச்சொல்லை இன்றும் கேட்கலாம். அதே சொல்லை இப்போது நாம் வேறு பொருளில் வழங்குகிறோம். யாராவது நம்ப முடியாத ஒன்றைச் சொன்னால், "அதெல்லாம் உன்னுடைய வெறும் கற்பனை" என்று தட்டிவிடுகிறோம். ஒரு காலத்தில் இறைவனுடைய கட்டளைக்குப் பெயராயிருந்த சொல், இன்று பொய்த் தோற்றத்துக்குப் பெயராகிவிட்டது.

இதனால் நம்மிற் பலருக்கு ஒரு தயக்கம் உண்டு. செபத்தில் இயேசுவை மனக்கண்ணால் பார்க்கச் சொன்னால், "நானாக ஒன்றை நினைத்துக்கொண்டு அதைச் செபம் என்று சொல்லலாமா?" என்று கேட்கிறார்கள். போரினாலும் இழப்பினாலும் உள்ளம் நொந்தவர்களோ, "கண்ணை மூடினால் நல்லதொன்றும் வருவதில்லை, அந்தக் காட்சிதான் வருகிறது" என்கிறார்கள். இரண்டும் நியாயமான பேச்சுக்களே. கற்பனை என்பது என்ன, விசுவாசத்தில் அதற்கு என்ன இடம், உள்ளக் காயம் ஆறுவதற்கு அது எவ்வாறு துணைசெய்யும், எங்கே அது தடம் புரளும் என்பவற்றை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கற்பனை என்பது என்ன?

கண்ணுக்கு முன் இல்லாத ஒன்றை உள்ளத்துக்கு முன் கொண்டுவரும் ஆற்றலே கற்பனை. பாசையூரிலோ குருநகரிலோ தொழிலுக்குப் போன கணவன் வரவில்லையென்று கரையில் நிற்கும் பெண், வள்ளம் கண்ணில் படுமுன்பே அதை மனத்தில் காண்கிறாள். காற்றுப் பலமாக அடித்தால், வள்ளம் கவிழ்வதையும் அவளே காண்கிறாள். ஒரே ஆற்றல்தான். நம்பிக்கையையும் அது தருகிறது. பயத்தையும் அதுவே தருகிறது.

விசுவாசம் கற்பனை அன்று. விசுவாசம் இறைவனுடைய வார்த்தையில் ஊன்றி நிற்கிறது. நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் ஆண்டவர் உயிர்த்தெழுந்தவரே. ஆனால் இந்த உண்மை அறிவில் மாத்திரம் தங்கிவிட்டால், அழுகிற நேரத்தில் அது நமக்கு எட்டாத தூரத்தில் நிற்கும். தலையில் உள்ள உண்மையை நெஞ்சுக்குக் கொண்டுசெல்லும் வேலையாள்தான் கற்பனை. வேலையாள் எசமானின் இடத்தைப் பிடிக்கக் கூடாது. வேலையாள் இல்லாமல் வீட்டுக் கருமம் நடப்பதும் கடினம்.

வேதாகமம் காட்டும் வழி

ஆண்டவர் இயேசு மக்களுக்குப் போதித்தபோது வரைவிலக்கணங்களைக் கொடுக்கவில்லை. விதைக்கிறவன், காணாமற் போன ஆடு, புளித்த மா, வலை என்று அவர்கள் தினமும் கண்ட பொருள்களைக் கொண்டே கதை சொன்னார். கேட்பவன் தானே அக்கதைக்குள் போய் நிற்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

அவருக்கு முன்னரே நாத்தான் இறைவாக்கினர் இவ்வழியைக் கையாண்டார். பத்சேபாளின் காரியத்தில் தாவீது அரசன் செய்த பாவத்தை நேரே சொல்லியிருந்தால் அரசன் காதை மூடியிருப்பான். நாத்தானோ ஓர் ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கதை சொன்னார் (2 சாமுவேல் 12). தாவீது கதைக்குள் புகுந்து, கோபங்கொண்டு, தீர்ப்பும் கூறிவிட்டான். அதன் பின்னரே அந்தத் தீர்ப்பு தன்மீதே விழுந்ததை உணர்ந்தான்.

ஊதாரி மைந்தன் உவமையை (லூக்காஸ் 15) இன்னுமொரு முறை வாசித்துப் பாருங்கள். பன்றிகளிடையே பசியோடு இருந்தவன் திரும்பி நடக்கத் தொடங்கியது எப்போது? தகப்பன் வீட்டையும் அங்கே வயிறாரச் சாப்பிடும் கூலியாட்களையும் அவன் மனத்தில் கண்டபோதே. தகப்பனிடம் என்ன சொல்லவேண்டுமென்று வழிநெடுகப் பாடமாக்கிக்கொண்டும் போகிறான். அவனைக் காப்பாற்றியது அந்த மனக்காட்சி. ஆனால் அக்காட்சியில் ஒரு குறை இருந்தது. அவன் கண்ட தகப்பன் கணக்குப் பார்க்கிறவர். அவரிடம் கூலிக்காரனாக ஓரிடம் கேட்டால் போதும் என்று எண்ணினான். உண்மையான தகப்பனோ தூரத்திலேயே அவனைக் கண்டு ஓடிவந்தார். பாடமாக்கியதை முழுதும் சொல்லவும் விடவில்லை.

நம்முடைய நிலையும் இதுவே. நம் உள்ளத்தில் இறைவனைப் பற்றி ஒரு படம் தொங்குகிறது. அது சிறு வயதில் நம்மை அடித்த ஒருவருடைய முகமாக இருக்கலாம்; அதட்டிய ஒருவருடைய குரலாக இருக்கலாம். உள்ளம் ஆறுவதன் முதற்படி, அந்தத் தவறான படம் நற்செய்தியினால் திருத்தப்படுவதாகும்.

நம் முன்னோரின் சொத்து

செபத்தில் கற்பனையைப் பயன்படுத்துவது புதுமையான காரியம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது திருச்சபையின் பழைய சொத்து. 1223 ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சியோ என்னும் ஊரில், புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் தீவனத் தொட்டியும் மாடும் கழுதையும் வைத்து நத்தார்த் திருப்பலிக்கு ஒழுங்கு செய்தார். பெத்லகேமின் வறுமையை மக்கள் கண்ணாலே காணவேண்டும் என்பதே அவருடைய ஆசை. நம் வீடுகளில் பிள்ளைகள் களிமண்ணும் வைக்கோலும் கொண்டு அமைக்கும் பாலன் குடில் அந்த வழியில் வந்ததே.

நம் யாழ்ப்பாணத்துக்கென்று தனியான செல்வமும் உண்டு. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பின் கத்தோலிக்க சமயம் தடைசெய்யப்பட்டது. குருக்கள் இல்லை, ஆலயங்கள் பறிபோயின. அக்காலத்தில் கோவையிலிருந்து வந்த புனித யோசேவ் வாஸ் அடிகளாரின் அடிச்சுவட்டில், 1705 இல் இலங்கைக்கு வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். 1742 இல் இறக்கும்வரை தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை எழுதினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் இன்றும் தவக்காலத்தில் நம் ஆலயங்களில் இராகத்தோடு வாசிக்கப்படுகிறது. ஆண்டவரின் பாடுகளை ஒவ்வொரு காட்சியாகக் கண்முன் நிறுத்தி, கேட்பவரைத் தாயோடு நின்று அழச் செய்வது அது. குருவானவரைக் காண அரிதாயிருந்த மக்களின் விசுவாசம் பட்டுப்போகாமல் காத்தவற்றுள், இவ்வாறு பாடியும் கேட்டும் மனத்தில் கண்டும் செய்த தியானங்களுக்குப் பெரிய பங்குண்டு.

சிலுவைப்பாதையும், செபமாலையின் துக்க தேவ இரகசியங்களும், கரையோரப் பங்குகளின் நாட்டுக்கூத்துக்களும், பாஸ்குவும் இதே வழியில் வருவன. 1965 இல் மரிய சேவியர் அடிகளார் தொடக்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகங்களைப் பெரும் அரங்குகளில் மேடையேற்றி வந்தது. போர்க்காலத்தில் அந்த அரங்குகளின் முன் அமர்ந்திருந்த மக்கள், கல்வாரியில் நின்ற தாயைக் கண்டு அழுதபோது, தங்கள் வீட்டுத் துயரத்துக்கும் சேர்த்தே அழுதார்கள். வீட்டில் அழ முடியாமற் போன அழுகைக்கு அங்கே ஓர் இடம் கிடைத்தது.

கற்பனைச் செபத்துக்கு ஓர் ஒழுங்கை வகுத்துத் தந்தவர் புனித இஞ்ஞாசியார். அவரும் காயப்பட்ட ஒரு போர்வீரரே. 1521 மே 20 ஆம் நாள் பம்பலோனா நகரில் பீரங்கிக் குண்டு அவருடைய காலை முறித்தது. இலொயொலாவில் தம் குடும்ப மாளிகையில் மாதக்கணக்காகப் படுத்திருந்தார். வீரக் கதைகள் வாசிக்கக் கேட்டார். அவை அங்கே இல்லை. கிறிஸ்துவின் சரித்திரமும் புனிதர்களின் சரித்திரமுமே கிடைத்தன. அவர் படுக்கையில் இரு விதமாகப் பகற்கனவு கண்டார். போரையும் புகழையும் ஓர் உயர்குலப் பெண்ணையும் பற்றிக் கனவு காணும்போது இனித்தது. முடிந்த பின் உள்ளம் வறண்டது. புனிதர்களைப் போல் வாழ்வதாக எண்ணியபோதும் இனித்தது. முடிந்த பின்பும் அமைதி நிலைத்தது. இந்த வித்தியாசத்தைக் கவனித்ததே அவருடைய மனந்திரும்புதலின் தொடக்கம்.

பின்னர் அவர் எழுதிய ஞானப்பயிற்சிகளைத் திருத்தந்தை 3 ஆம் சின்னப்பர் 1548 இல் அங்கீகரித்தார். அதிலே நற்செய்திக் காட்சியின் இடத்தை முதலில் மனத்தில் அமைக்கச் சொல்கிறார். பெத்லகேமுக்குப் போகும் பாதை நீளமானதா, மேடுபள்ளமானதா, குகை சிறியதா பெரியதா என்று பார்க்கச் சொல்கிறார். பிறகு நாமும் ஓர் எளிய வேலையாளாக அங்கே நின்று, பார்க்கவும் கேட்கவும் பணிவிடை செய்யவும் சொல்கிறார்.

காயப்பட்ட கற்பனை

நம் மண்ணில் இன்னொரு வகைக் காட்சியும் உண்டு. அது நாம் அழைக்காமலே வருவது.

1993 நவம்பரில் குருநகர் புனித யாகப்பர் ஆலயத்தில் குண்டு வீழ்ந்தது. 1995 யூலை 9 ஆம் நாள் நவாலி புனித பேதுரு பாவிலு ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர்மீது குண்டுகள் வீழ்ந்து பெருந்தொகையானோர் மாண்டனர். அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் மழைக்குள் தென்மராட்சி நோக்கி நடந்தது. 2004 டிசெம்பர் 26 அன்று, நத்தாருக்கு மறுநாள், கடல் வடமராட்சிக் கிழக்கின் கரையூர்களுக்குள் புகுந்தது. 2009 இல் வன்னியின் இறுதி மாதங்கள் வந்தன. இவற்றுள் ஒன்றிலாவது காயப்படாத குடும்பம் நம்மிடையே அரிது.

நெருக்கீட்டின் நினைவு மற்ற நினைவுகளைப் போன்றதன்று. சாதாரண நினைவு "அன்று நடந்தது" என்று சொல்லும். மனவடுவாகிய நினைவோ "இப்போது நடக்கிறது" என்று சொல்லும். திருவிழாவில் வெடி கொளுத்தினால் ஐம்பது வயது மனிதர் நிலத்தில் விழுந்து படுக்கிறார். ஓர் எரிந்த மணம், ஒரு விமானச் சத்தம் போதும். உடல் நடுங்கும், வியர்க்கும். இதைக் கோழைத்தனம் என்றோ விசுவாசக் குறைவு என்றோ சொல்வது பெருந்தவறு. முறிந்த கால் நோவதைப் போன்றதே இது.

நடந்தவற்றோடு, நடக்காதவற்றையும் கற்பனை சேர்த்துவிடுகிறது. "நான் அன்று அவனைக் கடைக்கு அனுப்பாமல் விட்டிருந்தால்..." என்று ஒரு தாய் ஒவ்வோர் இரவும் அந்த நாளை மாற்றி அமைத்துப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் முடிவில் தம்மையே குற்றவாளியாக்குகிறார்.

இரண்டு கரிநெருப்புகள்

இத்தகைய காயத்தை ஆண்டவர் எவ்வாறு தொட்டார் என்பதற்கு அருளப்பர் நற்செய்தியில் ஓர் அருமையான சான்று இருக்கிறது.

தலைமைக் குருவின் முற்றத்தில் குளிருக்காகக் கரிநெருப்பு மூட்டியிருந்தார்கள். இராயப்பர் (பேதுரு) அந்த நெருப்பருகே நின்று குளிர்காயும்போதுதான் தம் ஆண்டவரை மும்முறை மறுதலித்தார் (அருளப்பர் 18). அந்த நெருப்பின் வெளிச்சமும் மணமும் அவர் உள்ளத்தில் எவ்வாறு பதிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்று அதிகாரங்கள் கழித்து, திபேரியாக் கடற்கரையில் விடியும் வேளை. இரவு முழுவதும் உழைத்தும் மீன் படவில்லை. கரையில் ஒருவர் நிற்கிறார். இராயப்பர் கடலில் குதித்துக் கரைக்கு வருகிறார். அங்கே மீண்டும் ஒரு கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம் (அருளப்பர் 21). கிரேக்க மூலத்தில் கரிநெருப்பைக் குறிக்கும் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில் மாத்திரமே வருகிறது.

ஆண்டவர் செய்ததை ஒழுங்காகக் கவனிப்போம்.

முதலாவது, அவர் இராயப்பரை அந்த நினைவிலிருந்து ஓடவிடவில்லை; அதே மணமுள்ள இடத்துக்கே கொண்டுவந்தார். ஆனால் இம்முறை நெருப்பை மூட்டியவர் அவரே.

இரண்டாவது, விசாரணைக்கு முன் சாப்பாடு கொடுத்தார். களைத்தும் நனைந்தும் பசித்தும் இருந்தவரிடம் அவர் கேள்வி கேட்கத் தொடங்கவில்லை. காயப்பட்டவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பும் ஒரு கவளம் உணவுமே.

மூன்றாவது, உண்மையை மறைக்கவில்லை. மும்முறை மறுத்தவரிடம், தம்மை நேசிக்கிறாயா என்று மும்முறை கேட்டார். மூன்றாம் முறை இராயப்பருக்கு நொந்தது என்று நற்செய்தியாளர் எழுதுகிறார். காயம் ஆறும் வழியிலும் நோவு உண்டு.

நான்காவது, ஒரு பொறுப்பைக் கொடுத்தார். ஆடுகளை மேய்க்கும் பணி, தவறிப்போன அந்த மனிதரிடமே ஒப்படைக்கப்பட்டது.

மறுதலித்த இரவு அழிந்துபோகவில்லை. நான்கு நற்செய்திகளிலும் அது எழுதப்பட்டே இருக்கிறது. ஆயினும் அதன்பின் கரிநெருப்பு என்றால் இராயப்பருக்கு அந்த முற்றம் மாத்திரம் நினைவில் வராது. அந்தக் கரையும் வரும். உயிர்த்த ஆண்டவரின் உடலிலும் ஆணித் தழும்புகள் மறையவில்லை. தோமையார் அவற்றைக் கண்டார். கிறிஸ்தவம் சொல்லும் குணம் இதுவே. தழும்பு இருக்கும், அதிலிருந்து இரத்தம் வடிவது நிற்கும்.

வைத்தியமும் செபமும்

உளமருத்துவர்கள் இன்று கையாளும் முறைகள் சில இவ்வுண்மைக்கு அண்மையில் நிற்கின்றன. துயரக் காட்சியைப் பாதுகாப்பான இடத்தில், பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு, மனத்தில் மீண்டும் கண்டு, அக்காட்சிக்குள் அன்று கிடைக்காத துணையையும் ஆறுதலையும் கொண்டுவரும் ஒரு முறை உண்டு. வாழ்க்கைக் கதையைப் பிறந்த நாள் முதல் வரிசையாகச் சொல்லவைத்து, சிதறிக் கிடக்கும் பயங்கர நினைவுகளை அக்கதையில் அவற்றுக்குரிய இடத்தில் வைக்கும் முறையும் உண்டு.

2004 கடற்கோளுக்குச் சில வாரங்களின் பின், நம் வடகிழக்கில் போராலும் கடலாலும் பாதிக்கப்பட்ட 8 முதல் 14 வயது வரையான 31 சிறுவர்களுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே சிகிச்சை அளித்தனர். ஒரு பகுதியினர் தம் கதையை ஒழுங்காகச் சொன்னார்கள். மறு பகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஆறு அமர்வுகள். ஆறு மாதத்தின் பின் முதற் பகுதியில் 81 வீதத்தினரும் மறு பகுதியில் 71 வீதத்தினரும் குணமடைந்திருந்தனர். இவ்விரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லையென்று 2009 இல் வெளியான அந்த ஆய்வு கூறிற்று. சிறிய ஆய்வுதான், ஆயினும் வழி உண்டு என்பதைக் காட்டுகிறது.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், பதற்றத்தைத் தணிக்க அவரவர் சமய மரபிலேயே உள்ள பயிற்சிகளைப் பயன்படுத்தினார். கத்தோலிக்கருக்கு அவர் எடுத்துக்கொண்டது செபமாலை. நாம் பழக்கத்தால் அவசரமாகச் சொல்லி முடிக்கும் அந்தச் செபத்தின் நிதானமான ஓட்டத்தில் மருந்தும் இருக்கிறது. கொழும்புத்துறைக் குருமடத்திலிருந்து அமலமரித் தியாகிகள் வெளியிட்ட "நான்" என்னும் உளவியல் சஞ்சிகையும், இத்தகைய அறிவைத் தமிழில் நம் வீடுகளுக்குக் கொண்டுவந்தது.

இந்தியாவில் இயேசு சபைக் குருவான அந்தோனி டி மெல்லோ அடிகளார் (1931–1987) 1978 இல் வெளியிட்ட "சாதனா" என்னும் நூலில் கற்பனைச் செபப் பயிற்சிகள் பல உள்ளன. நொந்த ஒரு நிகழ்ச்சிக்கு இயேசுவோடு திரும்பிச் செல்வதும் அவற்றில் ஒன்று. அவருடைய எழுத்துக்களிலுள்ள சில கருத்துக்கள், சிறப்பாகப் பிற்காலத்தவை, கத்தோலிக்க விசுவாசத்துக்கு ஒவ்வாதவை என்று 1998 இல் உரோமை எச்சரித்ததையும் வாசகர் அறிந்திருக்க வேண்டும். நல்ல பயிற்சியை எடுத்துக்கொள்வோம். அதைத் திருச்சபையின் விசுவாசத்துக்குள் நின்று செய்வோம்.

கவனிக்க வேண்டியவை

ஒன்று: செபத்தில் நாம் காண்பது காட்சி வரம் அன்று. மனத்தில் இயேசு பேசுவதாக எண்ணியதை "ஆண்டவர் எனக்குச் சொன்னார்" என்று பிறரிடம் அறிவிக்கக் கூடாது. சிலுவை அருளப்பர், மனத்தில் தோன்றும் உருவங்களில் ஒட்டிக்கொள்ள வேண்டாம் என்று கண்டிப்பாகவே எழுதினார். உருவம் ஏணி, ஏறிய பின் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பவர் வீட்டுக்குள் போகமாட்டார்.

இரண்டு: கற்பனை, நடக்காததை நடந்ததாகவும் நினைக்கச் செய்யும். ஆகவே "உன் சிறு வயதில் இன்னது நடந்திருக்க வேண்டும், நினைத்துப் பார்" என்று யாரும் யாரையும் தூண்டக் கூடாது. நிச்சயமாக நினைவில் உள்ளதை மாத்திரம் ஆண்டவரிடம் கொண்டுபோவோம்.

மூன்று: மிகப் பயங்கரமான நினைவுகளைத் தனிமையில் கிளறவேண்டாம். கூட்டச் செபத்தில் ஒருவரைக் கட்டாயப்படுத்திப் பேசவைப்பதும் தீங்கு. நித்திரை இல்லாமை, உணவு வெறுப்பு, உயிரை மாய்க்கும் எண்ணம் என்பன இருந்தால் தாமதியாமல் வைத்தியரிடம் செல்லுங்கள். உளவளத்துணையாளரை நாடுவதும் மருந்து எடுப்பதும் விசுவாசக் குறைவல்ல. வைத்தியரைப் படைத்தவரும் இறைவனே.

நான்கு: சிலருக்குக் கண்ணை மூடினால் ஒன்றுமே தெரியாது. அதற்காக மனம் தளர வேண்டாம். செபத்தின் ஆசிரியையான புனித அவிலா தெரேசம்மாளே, தமக்குக் கற்பனை ஆற்றல் மிகக் குறைவு என்று எழுதியிருக்கிறார். அவர் படங்களை விரும்பினார். நித்திரைக்குப் போகுமுன் ஒலிவத் தோட்டத்தில் தனித்திருந்த ஆண்டவரை நினைத்துக்கொள்வதைப் பல ஆண்டுகள் விடாமற் செய்தார். முகம் தெரியாவிட்டாலும், பக்கத்தில் இருக்கிறார் என்று அறிவது போதும்.

காணாமற் போனோரின் வீடுகளில்

இங்கே ஒரு தனிச் சொல் வேண்டும். இறந்தவருக்கு அடக்கம் உண்டு, 31 ஆம் நாள் உண்டு, கல்லறை உண்டு. காணாமற் போனவருக்கு இவை ஒன்றுமில்லை. 2017 முதல் வீதியோரப் பந்தல்களில் பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்த தாய்மாரை நாம் கண்டோம். அவர்களுள் பலர் விடை கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். இவர்களுடைய கற்பனை ஒரு நாளில் பத்துமுறை மகனைப் படலையடியில் காண்கிறது. பத்துமுறை அவன் வதைபடுவதையும் காண்கிறது. சாத்திரம் கேட்கச் செல்வோரும் உண்டு. "இருக்கிறான், வடக்கே இருக்கிறான்" என்ற ஒரு வார்த்தைக்காகக் கையிலுள்ளதைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

இத்தாய்மாரிடம் "அவன் இறந்துவிட்டான், ஏற்றுக்கொள்" என்று சொல்லும் அதிகாரம் நமக்கில்லை. "நிச்சயம் வருவான், எனக்குச் செபத்தில் தெரிந்தது" என்று சொல்லும் அதிகாரமும் இல்லை. மன்னிப்பைப் பற்றிப் பேசி, உண்மையைத் தேடும் அவர்களுடைய உரிமையை மழுப்பவும் கூடாது. உண்மைக்காகக் கேட்பதும் நீதியின் பசியே. அப்பசி உள்ளவர்கள் பேறுபெற்றோர் என்றவர் ஆண்டவர்.

ஆயினும் கற்பனைச் செபம் இங்கே ஒன்றைச் செய்யக்கூடும். மரியன்னையும் தம் மகனை மூன்று நாள் காணாமல் தேடியவர். அந்தத் தாயோடு எருசலேம் வீதியில் நடந்து, தம் பிள்ளையை இயேசுவின் கையில் பிடித்துக் கொடுப்பதாக ஒரு தாய் மனத்தில் காணலாம். அவன் உயிரோடிருந்தாலும் அவர் கையில் இருக்கிறான். இறந்திருந்தாலும் அவர் கையில் இருக்கிறான். எங்கே என்பது தெரியாதபோதும், யார் கையில் என்பதை விசுவாசம் சொல்கிறது. இது வெறும் கற்பனையன்று; ஞானஸ்நானத்தில் நாம் பெற்றுக்கொண்ட உண்மை. கற்பனை அந்த உண்மைக்கு ஒரு முகத்தைக் கொடுக்கிறது. கேள்வி தீராது, ஆனால் அன்றிரவு சிறிது நித்திரை வரலாம்.

வீட்டில் செய்து பார்க்க

குடும்பச் செபத்தின்பின் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். முதன்முறை பெரிய துயரத்தை எடுக்கவேண்டாம்; ஒரு சிறு மனத்தாங்கலை, அயலவருடன் வந்த ஒரு சண்டையை எடுத்தாற் போதும்.

1. அமைதியாக அமர்ந்து, மூச்சைச் சிறிது நேரம் கவனியுங்கள். தூய ஆவியாரின் துணையைக் கேளுங்கள்.

2. ஒருவர் அருளப்பர் 21 ஆம் அதிகாரத்தின் முதற் பகுதியை மெதுவாக, இருமுறை வாசிக்கட்டும்.

3. உங்களுக்குத் தெரிந்த கரையொன்றை மனத்தில் அமையுங்கள். விடியற்காற்று, ஈரமணல், காயும் வலை, நெருப்பில் வாடும் மீனின் மணம். நெருப்பருகே ஆண்டவர் அமர்ந்திருக்கிறார். உங்களுக்கும் ஓரிடம் வைத்திருக்கிறார்.

4. முதலில் அவர் தருவதைச் சாப்பிடுங்கள். பேச அவசரப்பட வேண்டாம்.

5. பின் உங்கள் மனத்தாங்கலை அவரிடம் சொல்லுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே சொல்லுங்கள். திருப்பாடல்கள் பலவும் அவ்வாறே பேசுகின்றன.

6. அவர் உங்களைப் பார்ப்பதைச் சிறிது நேரம் பொறுத்திருங்கள். மனம் பதறினால் கண்ணைத் திறந்து, தரையில் காலை ஊன்றி, செபமாலை சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

7. கர்த்தர் கற்பித்த செபத்தோடு முடியுங்கள். விரும்பியவர் மாத்திரம் தமக்கு நேர்ந்ததைச் சொல்லட்டும். மற்றவர்கள் புத்திமதி சொல்லாமல் கேட்கட்டும்.

சிறு பிள்ளைகளுக்கு இதையே படமாக வரையக் கொடுங்கள். அவர்கள் நெருப்பருகே யாரை வரைகிறார்கள் என்று பார்த்தால், அவர்கள் உள்ளத்தில் இருப்பது பெற்றோருக்கே தெரியவரும்.

சிந்திக்க

என் உள்ளத்தில் தொங்கும் இறைவனின் படம் எத்தகையது? அது யாருடைய முகம்?

அழையாமல் வரும் எந்தக் காட்சி என்னை இன்னும் வருத்துகிறது? அதை நான் யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா?

எங்கள் பங்கில் அழ இடமில்லாமல் இருப்பவர் யார்? இந்த வாரம் அவருக்கு ஒரு வேளை உணவோடு சென்று, கேள்வி கேளாமல் பக்கத்தில் அமர என்னால் முடியுமா?

கடைசிக் கேள்வியைச் சிறப்பாக மனத்தில் கொள்வோம். ஆண்டவர் கரிநெருப்பை மூட்டிக் காத்திருந்ததுபோல, இன்று நம் ஊர்களில் நெருப்பு மூட்டி மீன் வாட்ட அவருக்கு நம் கைகளே இருக்கின்றன. "அவர் என் பக்கத்தில் இருக்கிறார்" என்று நொந்த ஒருவர் மனத்தில் காண்பதற்கு, முதலில் நம்மில் ஒருவர் உண்மையாகவே அவர் பக்கத்தில் போய் இருக்கவேண்டும்.